ஐம்பது டாலர் கம்பைலர்

1983 நவம்பர் மாத ‘பைட்’ இதழில் ஒரு விளம்பரம் வந்தது. பொருள், டர்போ பாஸ்கல் என்ற கம்பைலர். விலை 49.95 டாலர். பாஸ்கல் மொழியில் புரோகிராம் எழுத நினைத்தவர்கள் அதுவரை பெரும்பாலும் கம்பைலருக்கு மட்டும் சில நூறு டாலர் எடுத்துவைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு கொடுத்த பிறகும் வேலை சுலபமாகிவிடவில்லை. எடிட்டர் ஒரு ஃப்ளாப்பியில் இருக்கும், கம்பைலர் இன்னொன்றில், லிங்கர் வேறொன்றில். ஒரு வரியைத் திருத்திவிட்டு ஓட்டிப் பார்க்க ஃப்ளாப்பிகளை மாற்றி மாற்றிச் செருக வேண்டும். டர்போ பாஸ்கலில் எடிட்டரும் கம்பைலரும் ஒரே கோப்பில் இருந்தன. எழுதிய இடத்திலேயே சில நொடிகளில் புரோகிராம் ஓடியது. பின்னால் வந்த 3.02 பதிப்பில்கூட அந்தக் கோப்பு மொத்தமும் 39,731 பைட்தான்.

கம்பைலரை எழுதியவர் டென்மார்க்கின் ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க். விற்றவர், பாஸ்கலை உருவாக்கிய நிக்லாஸ் விர்த்திடம் சூரிச்சில் படித்த பிரெஞ்சுக்காரரான ஃபிலிப் கான். அவருடைய போர்லாண்ட் நிறுவனத்திடம் அந்த விளம்பரத்துக்குக் கொடுக்கவே காசில்லை. பிற்காலத்தில் கான் இதைக் கதையாகவே சொல்லியிருக்கிறார். பைட் இதழின் விளம்பரப் பிரதிநிதி வந்த நாளில் சிறிய அலுவலகம் நிறைய ஆட்களை உட்காரவைத்துப் பரபரப்பாகக் காட்டினாராம். எந்தெந்த இதழில் விளம்பரம் தரப்போகிறோம் என்ற பட்டியலில் பைட் பெயரை அடித்துவிட்டு, அது பிரதிநிதியின் கண்ணில் படும்படி வைத்தாராம். வாய்ப்பு நழுவிவிடும் என்று பயந்த பிரதிநிதி கடனுக்கே இடம் கொடுத்துவிட்டார். தந்திரம் ஒருபுறம் இருக்கட்டும். ஐம்பது டாலருக்கு விற்றால், நிறுவனங்கள் மட்டுமல்லாமல் தனி ஆட்களும் தங்கள் சொந்தப் பணத்தில் வாங்குவார்கள் என்று கான் போட்ட கணக்குதான் ஒரு தலைமுறையையே மாற்றியது.

அந்தத் தலைமுறையில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரும் உண்டு. எண்பதுகளின் பிற்பகுதியில் பாலிடெக்னிக் மாணவராக இருந்தவர். உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் பைட் இதழ்கள் எப்போதாவது கிடைக்கும். கட்டுரைகளைவிட விளம்பரப் பக்கங்களைத்தான் இவர் ஊன்றிப் படித்தார். எந்தக் கம்பைலர் என்ன விலை, போன ஆண்டு இதழில் என்ன விலை இருந்தது, கடைசிப் பக்கங்களில் தபால் வழி விற்பவர்கள் எவ்வளவு குறைத்துத் தருகிறார்கள் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்தார். 49.95 டாலர் என்பது 1983 நிலவரத்தில் ஏறத்தாழ 500 ரூபாய். கோவையில் ஒரு மாணவருக்கு அது பெரிய தொகைதான், ஆனாலும் கனவு காணக்கூடிய தொகை. சில நூறு டாலர் என்றால் கனவுக்கே இடமில்லை.

வாங்கும் வழிதான் இல்லை. டாலரில் பணம் அனுப்புவது அன்று தனி ஆளுக்கு எளிதான காரியமல்ல. அதனால் கணினி மையங்களில் ஃப்ளாப்பிகள் கைமாறிக்கொண்டிருந்தன, யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இவர் மட்டும் ஒரிஜினல்தான் வேண்டும் என்று அடம்பிடித்து, சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பாவிடம் சொல்லி வரவழைத்தார். அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று கையேடு. போர்லாண்டின் கையேடுகள் பாடப்புத்தகத்துக்கு இணையானவை, பல கட்டளைகளுக்கு ஓடக்கூடிய உதாரணம் இருக்கும். இரண்டாவது காரணம் பெட்டிக்குள் இருந்த பதிவு அட்டை. அதை நிரப்பி அனுப்பினால் அடுத்த பதிப்பைக் குறைந்த விலையில் வாங்கும் தகுதி வரும். நகல் ஃப்ளாப்பி வைத்திருந்தவருக்கு ஒவ்வொரு பதிப்பும் முதல் பதிப்புதான்.

லைசென்ஸ் வாசகமும் இவரை ஈர்த்தது. இந்த மென்பொருளை ஒரு புத்தகம்போல நடத்துங்கள் என்றது போர்லாண்ட். எத்தனை பேர் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், எந்தக் கணினிக்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில் இரண்டு பேர் இரண்டு இடங்களில் படிக்க முடியாது அல்லவா, அதுபோல ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் ஓடக்கூடாது, அவ்வளவுதான். வழக்கறிஞர் மொழியில் பல பக்கங்களுக்கு நீண்ட மற்ற லைசென்ஸ்களுக்கு நடுவில் இது வாங்குபவரை மனிதராக மதித்துப் பேசியது.

டர்போ பாஸ்கலில்தான் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதத் தொடங்கினார். அங்கே சனிக்கிழமை சம்பளம். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் கணக்கு வேறு. சிலருக்கு ஷிப்ட் கணக்கு, சிலருக்குப் பீஸ் ரேட். வாரத்தின் நடுவில் அட்வான்ஸ் வாங்கியிருப்பார்கள். சனிக்கிழமை மாலைக்குள் பட்டியல் அச்சாகி வந்தாக வேண்டும். ஒரு கம்பெனியில் வேலை முடிந்தால் பக்கத்துக் கம்பெனிக்காரர் கூப்பிடுவார். அப்படி வந்த வருமானத்தில்தான் அடுத்த கருவியை வாங்க வேண்டும். கருவிக்குச் செலவழித்த பணம் எத்தனை கம்பெனி வேலையில் திரும்பி வரும் என்று கணக்குப் பார்ப்பது அப்போதே பழகிவிட்டது.

1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பு இரண்டு கட்டமாகக் குறைக்கப்பட்டது. நோட்டில் குறித்து வைத்திருந்த டாலர் விலைகள் அப்படியே இருக்க, ரூபாய் விலைகள் ஏறின. அன்றிலிருந்து இவருடைய நோட்டில் டாலருக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியும் சேர்ந்தது: அன்றைய மாற்று விகிதம்.

1995 பிப்ரவரி 14 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டெல்ஃபி வெளியானது. விண்டோஸ் புரோகிராம்களைப் பாஸ்கலில் காட்சி வழியாக உருவாக்க உதவிய கருவி அது, அதன் முதன்மை வடிவமைப்பாளரும் ஹெயில்ஸ்பெர்க்தான். திரையில் பட்டனை இழுத்து வைத்து, அதை இரட்டைக் கிளிக் செய்து நிரல் எழுதினால் நேரடியாக இயந்திர மொழிக்கு மாறிய ‘எக்ஸி’ கோப்பு கிடைக்கும். அதை வாடிக்கையாளரின் கணினியில் அப்படியே கொண்டுபோய் வைக்கலாம். திருப்பூருக்கு இது பெரிய விஷயம். ஒரு ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால் போதும்.

முதல் டெல்ஃபி 16 பிட் விண்டோஸ் 3.1-க்கானது. இவர் அதை வாங்கவில்லை. அதே ஆண்டு விண்டோஸ் 95 வந்தது, 1996-ல் 32 பிட் டெல்ஃபி 2 வந்தது. அந்தப் பெட்டியில் 16 பிட் டெல்ஃபி 1-ம் சேர்ந்தே இருந்தது. புது விண்டோஸ் வாங்கிய கம்பெனிக்கும் பழையதை விடாத கம்பெனிக்கும் ஒரே பெட்டியிலிருந்து வேலை செய்யலாம் என்பதால் காத்திருந்தது பலன் தந்தது.

காத்திருக்கச் சொல்லிக் கொடுத்தவர் காந்திபுரத்தில் கடை வைத்திருந்த டீலர். அவர் வழக்கமாகச் சொல்வது இதுதான்: “இப்ப எதுக்குங்ணா அவசரம்? மார்ச் கடைசி வரைக்கும் பொறுத்துக்கோங்க. டார்கெட் முடிக்கோணும்னு அவங்களே கூப்பிடுவாங்க.” அவர் சொன்னபடியே மார்ச் கடைசி வாரத்தில் விலை இறங்கும். சில ஆண்டுகளில் வேறு கம்பைலர் வைத்திருப்பவர்களுக்கும் அப்கிரேட் விலையே தருவார்கள். போட்டி நிறுவனத்தின் வாடிக்கையாளரை இழுப்பதற்கான சலுகை அது. தொண்ணூறுகளில் போர்லாண்டும் மைக்ரோசாஃப்டும் இப்படித்தான் மல்லுக்கட்டின. அந்தச் சலுகை கிடைக்கப் பழைய கருவியின் ஒரிஜினல் ஃப்ளாப்பியோ, சீரியல் நம்பரோ, கையேட்டின் முதல் பக்கமோ காட்ட வேண்டியிருக்கும். அதனால் இவர் எதையும் தூக்கிப்போடமாட்டார். ஒவ்வொரு பில்லும் சீரியல் நம்பரும் ஒரு பாக்ஸ் ஃபைலில் ஆண்டு வரிசைப்படி இருக்கும்.

விலைப்பட்டியலில் தெரியாத செலவு ஒன்றையும் இந்த ஆண்டுகளில்தான் கண்டுகொண்டார். டெல்ஃபியில் ரிப்போர்ட் அச்சிடவும் கட்டங்களில் தரவைக் காட்டவும் வேறு நிறுவனங்கள் தயாரித்த காம்போனென்ட்களை வாங்கிச் சேர்ப்பது வழக்கம். கம்பைல் செய்யப்பட்ட நிலையில் வரும் ‘டிசியு’ கோப்பு எந்தப் பதிப்புக்காகச் செய்யப்பட்டதோ பொதுவாக அந்தப் பதிப்பில்தான் ஓடும். டெல்ஃபியை அப்கிரேட் செய்தால் காம்போனென்ட்களையும் அப்கிரேட் செய்தாக வேண்டும். விற்றவர் கடையை மூடியிருந்தால் அத்துடன் கதை முடிந்தது. ஆகவே சோர்ஸ் கோடு தராத காம்போனென்ட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார். கருவிகளின் விலையைப் பற்றிப் பேச வரும் இளைஞர்களுக்கு இவர் சொல்லும் முதல் விஷயம் இன்றும் இதுதான். இதைவிடப் பயனுள்ள ஆலோசனை இந்தத் துறையில் குறைவு.

2002-ல் வந்த டெல்ஃபி 7-க்கு மாறியவர் அங்கேயே நின்றுவிட்டார். டெல்ஃபி 8, 2005, 2006, 2007 என்று பதிப்புகள் வந்துகொண்டே இருந்தன. எட்டாவது பதிப்பு டாட்நெட்டுக்கு மட்டுமானது. மற்றவற்றில் இருந்த புது வசதிகள் சம்பளப் பட்டியலுக்குத் தேவைப்படவில்லை. உலகம் முழுக்க இப்படி ஏழிலேயே நின்றவர்கள் ஏராளம்.

நின்றவரை நகர்த்தியது தமிழ். அதுவரை பட்டியல்கள் தமிழில் அச்சாகாமல் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட ‘டாம்’ குறியாக்கத்தில், அதற்குரிய எழுத்துருவைப் போட்டுச் சமாளித்தார். டெல்ஃபி 7-ன் சரங்கள் எட்டு பிட் எழுத்துகளால் ஆனவை. இந்த எழுத்துருக்கள் அதே எட்டு பிட்டுக்குள் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. கம்பைலருக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அச்சில் மட்டும் தமிழ் வரும்.

சிக்கல் அகர வரிசையில் வெளிப்பட்டது. இந்தக் குறியாக்கங்களில் எழுத்து எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறதோ அப்படியே சேமிக்கப்படும். ‘செல்வி’ என்ற பெயரில் முதலில் இருப்பது கொம்பு, பிறகுதான் ச. ‘தெய்வானை’, ‘பெரியசாமி’ எல்லாமே கொம்பில்தான் தொடங்கும். வரிசைப்படுத்தினால் இவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கூடிவிடுவார்கள். சரவணனுக்கும் சுப்பிரமணிக்கும் பக்கத்தில் செல்வி இருக்கமாட்டார். ஆயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனியில் கணக்குப்பிள்ளை ஒரு பெயரைத் தேடி இரண்டு இடங்களில் புரட்ட வேண்டும். எழுத்துரு இல்லாத கணினிக்குக் கோப்பை அனுப்பினால் பெயர்களுக்குப் பதில் அர்த்தமில்லாத குறிகள் வந்து நிற்கும்.

யூனிகோட் இதற்குத் தீர்வு. விண்டோஸ் 2000-லிருந்தே தமிழ் யூனிகோடு இருந்தது. ஆனால் டெல்ஃபி 7-ன் லேபிளும் எடிட் பாக்ஸும் அதைக் காட்டாது. யூனிகோடு காட்டும் மாற்றுக் காம்போனென்ட்கள் சில கிடைத்தன. சிறிய திட்டத்துக்கு அவை போதும், பல ஆண்டு நிரலை அவற்றுக்கு மாற்றுவது இரட்டை வேலை. 2008-ல் டெல்ஃபி எம்பார்கடேரோ நிறுவனத்தின் கைக்குப் போனது. அதே ஆண்டு வெளியான டெல்ஃபி 2009-ல் அடிப்படைச் சரமே யூனிகோடாக மாறியது. லேபிள், பட்டன், கட்டம், மெனு எதில் வேண்டுமானாலும் தமிழை நேரடியாக எழுதலாம். கோவைக்காரருக்கு இது பல ஆண்டுகள் காத்திருந்த பதிப்பு.

இப்போது பாக்ஸ் ஃபைல் வேலைக்கு வந்தது. பழைய பதிப்பின் உரிமையாளர் என்ற முறையில் அப்கிரேட் விலை கிடைத்தது. புதிதாக வாங்குபவர் கொடுப்பதைவிட அது வெகுவாகக் குறைவு. இடையில் தாண்டிய பதிப்புகளுக்கெல்லாம் கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் தொகை மிச்சம். கையில் சோர்ஸ் கோடு இருந்ததால் காம்போனென்ட்களில் பெரும்பாலானவற்றைத் தாமே புதுப் பதிப்புக்குத் திருத்திக்கொண்டார். பணமாகக் கொடுக்காத விலை வேலையாக வந்தது. ஒரு எழுத்து ஒரு பைட் என்று நம்பி எழுதிய இடங்களை எல்லாம் தேடித் திருத்த வேண்டியிருந்தது. பிறகு பழைய தரவை மாற்ற வேண்டும். ‘கொ’ என்பது பழைய கோப்பில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாக இருக்கும். யூனிகோடில் முதலில் க, அதன் பின்னால் ஒகரக் குறி. கொம்பைக் கண்டதும் நிறுத்தி, அடுத்த மெய்யைப் படித்து, அதற்கடுத்து கால் வருகிறதா என்று பார்த்து முடிவு செய்யும் சிறிய மாற்றி ஒன்றை எழுதினார். கால் வந்தால் ஒகரம், வராவிட்டால் எகரம்.

2010 ஜூன் கடைசியில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அந்த நாட்களில்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16 என்ற குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. திருப்பூரில் இவருடைய சம்பளப் பட்டியலில் செல்வி அதற்கு முன்பே சரவணன் இருக்கும் பகுதிக்கு வந்துவிட்டார்.

அப்கிரேடுக்கு ஆகும் செலவைப் பற்றிப் பேசும்போது மலிவு என்ற சொல்லை மட்டும் வைத்து நிறுத்திக்கொள்வது போதாது. தொட்டுக் காட்டக்கூடிய ஒரு தேவை இருக்கும்போது முழு விலை கொடுத்தாலும் தகும், அது இல்லாதபோது பாதி விலையும் வீண் செலவு. முப்பத்திரண்டு பிட் வந்தபோது ஒரு தேவை இருந்தது, யூனிகோடு வந்தபோது இன்னொன்று. இடையில் வந்த வண்ணமயமான திரைகளுக்கு இவர் மயங்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சி நம் கல்லூரிகளில் நீண்ட காலம் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்து டர்போ சி++ நீலத்திரை, விண்டோஸில் ஓடாத காலம் வந்த பிறகும் டாஸ்பாக்ஸுக்குள் வைத்து ஓட்டப்பட்டது. மாணவர்கள் 2010-களிலும் ‘கோனியோ.எச்’ சேர்த்துத் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சி++ மொழி 1998-லும் 2011-லும் தரப்படுத்தப்பட்டு வெகுதூரம் போயிருந்தது. ஜிசிசி கம்பைலர் 1987-லிருந்தே இலவசம். கோட் பிளாக்ஸ், டெவ் சி++ போன்ற எடிட்டர்களும் இலவசம். (டெவ் சி++ டெல்ஃபியில் எழுதப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது.) ஒரு பைசா செலவில்லாத அப்கிரேடை இத்தனை ஆண்டு தள்ளிப்போட்டதால் நேர்ந்த இழப்பை மாணவர்கள்தான் சுமந்தார்கள். முதல் வேலையில் சேர்ந்த பிறகு அடிப்படையிலிருந்து மறுபடி கற்க வேண்டியிருந்தது. பாடத்திட்டம் வகுப்பவர்கள் கருவியின் பதிப்பையும் பாடத்தின் பகுதியாக நினைத்திருக்க வேண்டும்.

கடைகளில் பெட்டி விற்ற காலம் மெல்ல முடிந்தது. மைக்ரோசாஃப்ட் 2005-ல் விஷுவல் ஸ்டுடியோ எக்ஸ்பிரஸைக் கொண்டுவந்து, அடுத்த ஆண்டு அதை நிரந்தர இலவசமாக்கியது. 2014-ல் தனி ஆட்களும் சிறு நிறுவனங்களும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கம்யூனிட்டி பதிப்பு வந்தது. 1996-ல் போர்லாண்டை விட்டு மைக்ரோசாஃப்டுக்குப் போன ஹெயில்ஸ்பெர்க் அங்கே சி ஷார்ப் மொழியை வடிவமைத்தார். 2012-ல் வெளியான அவருடைய டைப்ஸ்கிரிப்ட், தொடக்கத்திலிருந்தே திறந்த மூலம்.

விலை கொடுத்து வாங்க வேண்டிய கருவிகள் சந்தாவுக்கு மாறின. 2015 செப்டம்பரில் ஜெட்பிரெயின்ஸ் தன் கருவிகளுக்கெல்லாம் சந்தா முறையை அறிவித்தபோது, பணம் கட்டுவதை நிறுத்தினால் கருவியே நின்றுவிடுமே என்று புரோகிராமர்கள் கொதித்தெழுந்தார்கள். சில வாரங்களுக்குள் நிறுவனம் திட்டத்தைத் திருத்தியது. ஓர் ஆண்டுச் சந்தா கட்டியவருக்கு, சந்தா தொடங்கியபோது இருந்த பதிப்பு நிரந்தரமாகச் சொந்தம். இரண்டாம் ஆண்டு 20 சதவீதமும் மூன்றாம் ஆண்டிலிருந்து 40 சதவீதமும் தள்ளுபடி என்றது திருத்திய திட்டம். கோவைக்காரர் இந்தத் திருத்தத்தை வரிவரியாகப் படித்துப் பாராட்டினார். வாங்குபவர்கள் தெளிவாகப் பேசினால் விற்பவர்கள் கேட்பார்கள் என்பதற்கு இது நல்ல சான்று என்பது அவர் கருத்து, அதில் நியாயம் இருக்கிறது. நடுவில் ஒரு மாதம் விட்டுப்போனாலும் தொடர் தள்ளுபடி போய்விடக்கூடும் என்பதால், தம்மிடம் வேலை பழகிய பிள்ளைகளைப் புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் எழுதி வைக்கச் சொன்னார்.

டெல்ஃபிக்கும் 2018 ஜூலையில் இலவசக் கம்யூனிட்டி பதிப்பு வந்தது. ஆண்டு வருமானம் 5,000 டாலரைத் தாண்டாதவரை பயன்படுத்தலாம். முற்றிலும் இலவசமான லாசரஸ் இன்னொரு பக்கம் வளர்ந்திருந்தது. 2012-ல் 1.0 பதிப்பைத் தொட்ட அதில் யூடிஎஃப்-8 வழியாகத் தமிழ் எழுதலாம். புதிதாகத் தொடங்குபவர்களிடம் இவர் முதலில் லாசரஸைக் கொடுக்கிறார். டெல்ஃபியில் மட்டும் இருக்கும் ஒன்று தேவைப்படும்போது கம்யூனிட்டி பதிப்புக்குப் போகச் சொல்கிறார்.

அப்படித் தொடங்கிய ஒரு திருப்பூர்த் தம்பதி பார்கோடு வைத்துத் துணி மூட்டைகளைக் கணக்கெடுக்கும் மென்பொருளை விற்கிறார்கள். வருமானம் 5,000 டாலர் வரம்பை நெருங்கியதும் இவரிடம் வந்தார்கள். “யாருங்கண்ணா வந்து பார்க்கப் போறாங்க?” என்று கணவர் கேட்டதற்கு, “நாளைக்கு உங்க சாஃப்ட்வேரை ஒருத்தர் காசு குடுக்காம வெச்சிருந்தா நீங்க என்ன சொல்லுவீங்க?” என்று திருப்பிக் கேட்டார். அதன் பிறகு மூவரும் உட்கார்ந்து விலை பார்த்தார்கள். வெளிநாட்டுத் தளத்தில் கார்டில் டாலராகக் கட்டினால் வங்கியின் மாற்றுக் கட்டணம் சேரும். இந்திய டீலரிடம் ரூபாயில் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, ஆனால் ஜிஎஸ்டி எண் போட்ட பில் இருந்தால் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் டீலர் விலையே குறைவாக வந்தது. நவம்பர் கடைசியில் வரும் தள்ளுபடிக்குச் சில வாரங்களே இருந்ததால், அந்த விலையில் ஒரு கொட்டேஷன் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளும்படி சொன்னார்.

மனைவிதான் ஒரு நல்ல கேள்வி கேட்டார். லைசென்ஸை யார் பெயரில் எடுப்பது? நிறுவனத்தின் பெயரில் எடுக்கச் சொன்னார் கோவைக்காரர். நாளைக்கு வேலைக்கு ஆள் சேர்த்தாலும் மாறினாலும், அப்கிரேட் உரிமை நிறுவனத்தோடு இருக்கும். வாங்கிய அன்றே பில்லை அச்செடுத்து, சீரியல் நம்பரை அதன் பின்பக்கம் எழுதி வைத்தார்கள்.